சத்தம் மாற்றாத குளிசை

என் கணவருடைய குரல்தான் எனக்கு முதலில் அறிமுகம். முகம் பிறகுதான். திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில் லாஞ்சு ஓடிய காலத்தில், நான் மூதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன். காலையில் கடலால் போய்ப் பின்னேரம் கடலால் திரும்ப வேண்டும். சுக்கான் பிடிப்பவரை லாஞ்சில் எல்லோருக்கும் தெரியும். மேலே நின்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சுகம் விசாரிப்பார். எஞ்சின் பார்ப்பவர் கீழே, ஒரு பெட்டிக்குள். எப்போதாவது எண்ணெய் பூசிய ஒரு தலை வெளியே வந்து, மூச்சு வாங்கிவிட்டு, திரும்ப உள்ளே போய்விடும். அந்தத் தலைக்குத்தான் நான் பிறகு கழுத்தை நீட்டினேன்.

நான் அந்தப் பெட்டியின் மூடியில்தான் உட்காருவேன். மற்றவர்களுக்கு அந்த இடம் பிடிக்காது. சத்தம், டீசல் மணம், சேலையில் கறை. ஆனால் வாடைக் காலத்தில் கொட்டியாரக் குடாவில் அலை எழும்பி முகத்தில் அடிக்கும்போது, கீழேயிருந்து வரும் அந்தச் சூட்டுக்கு ஈடாக எதையும் சொல்லமாட்டேன். மடியில் கொப்பிகளை வைத்துத் திருத்திக்கொண்டே போவேன். எஞ்சின் அதிர்வில் கை ஆடும். நான் போட்ட 'சரி' எல்லாம் 'பிழை' மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகள் முறையிடுவார்கள்.

பின்னேர லாஞ்சுக்கு நான் நேரத்துக்கு வந்ததேயில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் யாராவது ஒரு பிள்ளை விளங்காத கணக்கோடு வந்து நிற்கும். நானும் விட்டுவிட்டு வரமாட்டேன். பிறகு குடையும் கையுமாக, லாஞ்சு கட்டுகிற ஜெட்டிக்கு ஓட்டம். ஆனால் நான் பிந்துகிற நாட்களில் எல்லாம் லாஞ்சு நிற்கும். எஞ்சினில் ஏதோ கோளாறு என்று அந்தத் தலை வெளியே வந்து சொல்லுமாம். கோளாறு ஒன்றும் கிடைக்காத நாளில், எஞ்சின் சூடாகவில்லை என்று சொல்லுமாம். மரக்கறி மூட்டையோடு வருகிற மூதூர் முஸ்லிம் காக்கா ஒருவர் ஒரு நாள் கேட்டாராம்:

"இந்த வெயிலுக்க எஞ்சின் சூடாகேல்லையோ? ரீச்சர் வரேல்லை எண்டு சொல்லுங்கோவன்."

லாஞ்சே சிரித்ததாம். எனக்கு அப்போது அந்தக் கதை ஒன்றும் தெரியாது. நான் வியர்த்து விறுவிறுத்து வந்து நிற்பேன். எஞ்சின் மெதுவாக, ஒரே சீராக, டுக்... டுக்... டுக் என்று நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். பெட்டிக்குள் இருந்து குரல் வரும்: "ஏறுங்கோ ரீச்சர்."

நீண்ட காலமாக அந்த இரண்டு சொற்களைத் தவிர அவர் என்னோடு வேறெதுவும் கதைத்ததில்லை. அமைதியான மனிதர் என்று நம்பிக் கலியாணம் செய்தேன். நன்றாக ஏமாந்தேன். மனுசனுக்கு வாய் ஓயாது. ஆனால் இன்றுவரை நான் அவருக்கு ரீச்சர்தான், நீங்கள்தான். பயம் வந்தால் மட்டும் 'நீ' என்று வாயில் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் விறாந்தையில் பாயைப் போட்டுப் படுப்பார். நானும் பக்கத்தில் சரிந்து, அவருடைய நெஞ்சில் தலையை வைத்துக்கொள்வேன். மூடியில் உட்கார்ந்த பழக்கம், விடவில்லை. உள்ளே அதே சத்தம். சண்டைக் காலத்தில், வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த பகல்களிலும் அந்தச் சத்தம் மாறவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு பாலங்கள் வந்தன. கிண்ணியாவால் சுற்றி மூதூருக்குப் பஸ்ஸிலேயே போகலாம் என்று ஆனதும் லாஞ்சு நின்றுவிட்டது. அவர் கரைக்கு வந்து, சல்லிக் கடற்கரைப் பக்கத்தில் வள்ளங்களின் எஞ்சின்களைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு நாள் சந்தையில் மீன் பையோடு விழுந்தார். இதயம் இடையிடையே அடிக்க மறந்துபோகிறது என்றார்கள். கொழும்புக்குக் கொண்டுபோய், இடது காறை எலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு பேஸ்மேக்கரை வைத்தார்கள். அதிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் இரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகின்றன. அடிக்க மறந்தால் அது தட்டி எழுப்பும்.

"எனக்கு இப்ப ஸ்பெயார் எஞ்சின் இருக்கு ரீச்சர்" என்று அவருக்கு ஒரே பெருமை. திரீவீலர்காரருக்கும் சேட்டுப் பொத்தானைக் கழற்றிக் காட்டினார். பொது இடத்தில் இதென்ன கூத்து என்று நான் எத்தனையோ முறை ஏசியிருக்கிறேன்.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிறு, நெஞ்சில் தலை வைத்த நான் எழும்பி உட்கார்ந்துவிட்டேன். சத்தத்தில் ஒழுங்கில்லை. அவதிப்பட்டு மூன்று நான்கு அடிக்கும், சற்று நிற்கும், பிறகு விழுந்தடித்து ஓடும். ஊர்வலத்தில் தாளம் தெரியாத ஒருவன் கையில் மேளம் அகப்பட்ட மாதிரி.

"உங்கட எஞ்சின் சரியில்லை" என்றேன்.

"அது புதுச் சாமான் பழைய எஞ்சினோட சேரேல்லை. பழகிடும்" என்றார்.

பழகவில்லை. கோணேசர் கோயில் ஏற்றத்தில் பாதியில் நின்று கடலைப் பார்க்கிற மாதிரிப் பாவனை செய்து மூச்சு வாங்கினார். கொழும்பில் பேஸ்மேக்கரைச் சோதித்தபோது, இதயத்தின் மேலறைகள் அடிக்காமல் வெறுமனே நடுங்குகிற நேரங்கள் கூடிக்கொண்டு போவது தெரிந்தது. ஏற்றியல் பிப்ரிலேஷன் என்றார் டொக்டர். எங்களைவிட வயது குறைந்தவர், தமிழ் கதைப்பவர், பொறுமைசாலி.

"அப்ப இந்த மெஷின் என்னத்துக்கு?" என்று நான் கேட்டேன். என் குரலில் கோபம் இருந்திருக்க வேண்டும்.

"அம்மா, மெஷினுக்குத் தள்ளத் தெரியும், பிடிச்சு நிப்பாட்டத் தெரியாது. மெதுவானால் தட்டும். இப்பிடிக் குழம்பி ஓடினால் அதால ஒண்டும் செய்ய ஏலாது."

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றும் அவர் படம் கீறிக் காட்டினார். நுரையீரலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் நாலு குழாய்களின் வாயிலிருந்துதான் அநேகமாக அந்த வேண்டாத பொறி கிளம்புகிறதாம். தொடையடி இரத்தக்குழாய் வழியாகக் கதீற்றர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டு, அந்த வாய்களைச் சுற்றிச் சூடு வைத்துவிட்டால் பொறி இதயத்துக்குள் வராது. அபிலேஷன் என்பது அதுதான். பேஸ்மேக்கர் உள்ளவருக்கும் செய்யலாம், ஆனால் கவனம் கூட வேண்டும். வயர்கள் அசையாமல் அவற்றைக் கடந்து போக வேண்டும். சூடு வைக்கிற நேரத்தில் மெஷின் குழம்பாமல் இருக்க அதன் அமைப்பை மாற்றி வைத்து, முடிந்ததும் திரும்பச் சோதிக்க வேண்டும்.

"என்ர வயரில கொளுவிப்போடாதேங்கோ டொக்டர்" என்றார் என் கணவர்.

நாள் கிடைக்கும்வரை மூன்று குளிசைகள். ஒன்று பிரஷருக்கு, ஒன்று துடிப்பை அடக்க, மூன்றாவது இரத்தம் கட்டியாகாமல் இருக்க. அந்த மூன்றாவது புதுவகை, மாதாமாதம் இரத்தம் எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் ஒரு நாளும் தவறவிடக்கூடாது என்று டொக்டர் இரண்டு தரம் சொன்னார். நடுங்குகிற அறையில் இரத்தம் தேங்கி உறையும், உறைந்தது மூளைக்குப் போனால் பாரிசவாதம். நான் காலையும் மாலையும் என் கையால் எடுத்துக் கொடுத்தேன். அவர் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட முற்றத்துக்குப் போய்விடுவார். எங்கள் பக்கம் மான்கள் வந்து செவ்வரத்தையை மேய்ந்துவிட்டுப் போகும் ஊர். இந்த மனுசனுக்கு இப்போதாவது கன்றுகளில் அக்கறை வந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

நாள் கிடைத்தது. கொழும்புக்குப் போனோம். அபிலேஷனுக்கு முதல், தொண்டையால் ஒரு குழாயை இறக்கி இதயத்தைப் பின்பக்கமிருந்து ஸ்கான் பண்ணினார்கள். டொக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இதயத்தின் இடது மேலறையில் காது மாதிரி ஒரு மூலை இருக்கிறதாம். அதற்குள் இரத்தக்கட்டி.

"இண்டைக்குச் செய்ய ஏலாது. இதைப் பாக்காமல் உள்ள போயிருந்தால் கட்டி உடைஞ்சு மூளைக்குப் போயிருக்கக்கூடும்" என்றார். "இரத்தக் குளிசை ஒழுங்காப் போட்டவரோ?"

"ஓம் டொக்டர். நான்தான் கையில குடுக்கிறனான். ஒரு நேரமும் பிந்தினதில்லை" என்றேன் நான், வகுப்பில் எழுந்து நிற்கிற முதலாம் பிள்ளை மாதிரி.

என் கணவர் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அது வேலை செய்யாத குளிசை டொக்டர். நான் சோதிச்சுப் பாத்துத்தான் நிப்பாட்டினனான்."

"எப்பிடிச் சோதிச்சனீங்கள்?"

"ஒவ்வொண்டா நிப்பாட்டிப் பாத்தனான்."

டொக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த அறையில் அது விளங்கிய ஒரே ஆள், அத்தனை வருடம் எஞ்சின் மூடியில் உட்கார்ந்திருந்த நான்தான். டீசல் எஞ்சின் சரியாக ஓடாவிட்டால், எந்தச் சிலிண்டரில் பிழை என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசலை மாறிமாறி வெட்டிப் பார்ப்பார்கள். நல்ல சிலிண்டரை வெட்டினால் எஞ்சினின் சத்தம் மாறும். வெட்டியும் சத்தம் மாறாவிட்டால் அதுதான் செத்த சிலிண்டர். மனுசன் தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அதையே குளிசைகளுக்குச் செய்திருக்கிறார். பிரஷர்க் குளிசையை நிறுத்தினால் தலையிடி. துடிப்புக் குளிசையை நிறுத்தினால் நெஞ்சு அடித்துப் போட்டது. இரண்டையும் திரும்பப் போட்டுக்கொண்டார். மூன்றாவதை நிறுத்தினார். ஒரு மாற்றமும் இல்லை. பல்லுத் தீட்டும்போது கசிகிற இரத்தமும் நின்றதாம். அன்றிலிருந்து அது என் கையிலிருந்து அவருடைய கன்னத்துக்குள் போய், அங்கிருந்து செவ்வரத்தையடிக்குப் போனது.

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். குளிசையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு சில கிழமைகளின் பின் வரச் சொன்னார். கட்டி கரைந்தால் சரி. கரையாவிட்டால் இடது பக்கம் போக முடியாது, வேறு வழி பார்க்க வேண்டும். மேலறைக்கும் கீழறைக்கும் இடையில் இருக்கும் மின்சாரத் தொடர்பைச் சுட்டு வெட்டிவிட்டு, கீழறையின் முழு வேலையையும் பேஸ்மேக்கரிடம் கொடுப்பது.

"அதுவும் நல்ல வைத்தியம்தான் அம்மா. மூச்சு வாங்கிறது குறையும். ஆனா அதுக்குப் பிறகு அவர் முழுக்க மெஷினிலதான். அவற்ற சொந்த அடி கீழ இறங்காது."

அவர் நன்றாக இருந்தால் போதும் என்றுதான் நான் நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை. எனக்கு அந்தச் சொந்த அடி வேண்டும் என்று நெஞ்சு கிடந்து துடித்தது. வேறொரு மெஷின் அடிக்கிற சத்தத்தில் தலை வைத்துப் படுக்க எனக்கு விருப்பமில்லை. விசர்க் கதை என்று எனக்கே தெரியும். இருந்தாலும் அதுதான் உண்மை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவரோடு நான் கதைக்கவில்லை. ஹபரணையில் அவித்த சோளம் வாங்கி நீட்டினார். சோளத்தை வாங்கிக்கொண்டேன், சொல்லைக் கொடுக்கவில்லை. கந்தளாய் தாண்டிக் கப்பல்துறையும் வந்துவிட்டது. "நான் முறைப்படிதான் செய்தனான் ரீச்சர்" என்று மெதுவாகத் தொடங்கினார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை குசினியில், கையில் குளிசையோடு நின்று கேட்டேன்: "எஞ்சின் ஓடேக்க டீசலை வெட்டினா சத்தம் மாறும், சரி. எண்ணெயை வத்தவிட்டா உடன சத்தம் மாறுமோ?"

அவர் தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்தார்.

"சொல்லுங்கோ. மாறுமோ?"

"மாறாது."

"பிறகு என்ன நடக்கும்?"

"திடீரெண்டு இறுகி நிண்டிடும்" என்றார். அவர் முகம் வெளிறிப்போயிற்று. டொக்டர் பாரிசவாதம் என்று சொன்னபோதுகூட அவர் அப்படிப் பயந்து நான் பார்க்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "நீ எனக்கு முதலே இப்பிடிச் சொல்லியிருக்கலாமே" என்றார்.

அன்றிலிருந்து குளிசை போட்டதும் வாயைத் திறந்து, நாக்கை உயர்த்திக் காட்ட வேண்டும். வெட்கமில்லாமல் காட்டினார். நானும் வெட்கமில்லாமல் பார்த்தேன்.

அந்தக் கிழமைகளில் பின்னேரங்களில் மெல்ல நடந்து ஜெட்டிப் பக்கம் போவோம். பாதி வழியில் அவர் நிற்பார், நான் சேலையைச் சரிசெய்கிற மாதிரி நிற்பேன். லாஞ்சு கட்டிய இடத்தில் இப்போது வேறு வள்ளங்கள். குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூர்க் கரை கோடாகத் தெரியும். அங்கே இருந்துதான் அவர் அந்தப் பழைய கள்ளத்தையெல்லாம் சொன்னார்.

"எஞ்சின் இருமினா சுக்கான்காரர் பயப்பிடுவார், நிண்டிடும் எண்டு. உடன கயித்தை அவிழ்க்கச் சொல்லுவார். அதால நான் அதை மெதுவா, ஒரு இருமல் இல்லாமல் ஓடுற மாதிரி வைச்சிருப்பன். லாஞ்சு எவ்வளவு நேரமும் நிக்கும்."

"எனக்காகவோ?"

"பின்ன, மரக்கறிக் காக்காவுக்காகவோ?"

நான் சிரித்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடம் ஒரு மனுசன் இதைச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார், அதுவும் இப்படிப்பட்ட வாய்க்காரர். உங்களுக்கு ஏதாவது நடந்தால் நான் என்ன செய்வேன் என்று அந்த ஜெட்டியில் வைத்து நேராகவே கேட்டேன். அவர் என் குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டார், வெயில் இல்லாத நேரத்தில்.

இரண்டாவது முறை ஸ்கானில் கட்டி இல்லை. அந்த மூலை வெறுமையாக இருக்கிறது என்று டொக்டர் சொன்னபோது நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அடுத்த நாள் காலையில் அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். கதவடியில் என் விரலைப் பிடித்து, "நீ இஞ்சையே நில்" என்றார். வேறெங்கே போகப்போகிறேன்? வெளியே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தேன். கோயில், தேவாரம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கொட்டியாரக் குடாதான் வந்தது. காலை வெயில், மடியில் கொப்பிகள், கீழே சூடு.

டொக்டர் வெளியே வந்து நாலு வாயையும் சுற்றிச் சுட்டாயிற்று, வயர்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, மெஷினையும் சோதித்துப் பழையபடி வைத்தாயிற்று என்றார். உள்ளே அவர் காலை மடக்காமல் நீட்டி நிமிர்ந்து கிடந்தார். கண் திறந்ததும் அரை மயக்கத்தில் சொன்னார்: "டொக்டர்மாரும் எங்கட முறைதான் ரீச்சர். ஒவ்வொண்டா வெட்டிச் சத்தம் பாக்கினம்." படுத்த படுக்கையிலும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. முதல் மூன்று மாதம் சுட்ட இடம் ஆறும்வரை குழப்பம் வந்து போகலாம், அதை வைத்து ஒன்றும் தீர்மானிக்கக்கூடாது என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். சொன்னபடியே இடையில் வந்தது. ஒரு ஞாயிறு நெஞ்சில் காதை வைத்துவிட்டு, அதே தாளம் தெரியாத மேளத்தைக் கேட்டு, ஒன்றும் சொல்லாமல் பாத்திரம் கழுவப் போனேன். அதன் பிறகு காதை வைக்கவே பயந்தேன். அவர் பாயைத் தட்டிக் கூப்பிட்டாலும், வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். சத்தம் மாறியிருந்தால், அதைக் கேட்கிற ஆளாக நான் இருக்க விரும்பவில்லை.

மூன்று மாதத்துக்குப் பிறகு பேஸ்மேக்கர் சோதனை. மெஷினைப் பார்ப்பவர் ஒரு இளம் சிங்களப் பெண்பிள்ளை. கொஞ்சம் தமிழ் தெரியும். என் கணவருடைய சேட்டைத் திறந்து, தோளடியில் ஒரு கருவியை வைத்து, கொம்பியூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொஞ்ச நாளா குழப்பம் ஒண்டும் இல்லை" என்றாள். "இப்ப மெஷினை நல்லாக் குறைச்சு வைக்கிறன். கீழ ஐயான்ர சொந்த அடி எப்பிடி எண்டு பாக்க."

எதையோ அழுத்தினாள். திரையில் கோடு ஓடியது. எனக்குக் கோடு விளங்காது.

"இது மெஷின் இல்லை, அம்மா. இது ஐயாவேதான்."

நான் எழும்பினேன். "பிள்ளை, நான் ஒருக்காக் காது வைச்சுப் பாக்கலாமோ?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துக்கொண்டு, கருவியின் வயரைக் கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள். பொது இடத்தில் சேட்டைத் திறக்கிறார் என்று அவரை ஏசிக்கொண்டு திரிந்த நான், முன்பின் தெரியாத ஒருத்திக்கு முன்னால் குனிந்து, அவருடைய நெஞ்சில் தலையை வைத்தேன்.

மெதுவாக இருந்தது. ஒன்று, பிறகு ஒன்று, பிறகு அதே இடைவெளியில் இன்னொன்று. யாரும் தள்ளவில்லை. ஒரு இருமல் இல்லை. மூதூர் ஜெட்டியில், கயிறு அவிழ்க்காமல், பிந்தி வருகிற ஒருத்திக்காக எவ்வளவு நேரமும் நிற்கக்கூடிய அதே சத்தம். என் கண்ணீர் அவருடைய நெஞ்சு மயிரில் இறங்கியது. துடைக்கத் தோன்றவில்லை.

என் தலைக்கு மேலே அவருடைய குரல் கேட்டது.

"ஏறுங்கோ ரீச்சர்."